ரூட்டர் வாங்கப் போகிறீர்களா?

மிக்ஸி, கிரைண்டர் வாங்குவதென்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளைகளின் பாடம், கரண்ட் பில், வீட்டோடு நடத்தும் தையல் கடையின் வரவு செலவு எல்லாம் வை-ஃபையை நம்பியிருக்க, ரூட்டரை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வரலாமா?

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு மாட்டிவிட்டுப் போகும் பெட்டியிலேயே பெரும்பாலும் வை-ஃபையும் இருக்கும். அதை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அலை எப்படி வெளியே வரும்? அதிலும் எங்கள் பேகம்பூர்ப் பக்கத்துப் பழைய வீடு மாதிரி கனத்த சுவரானால் கேட்கவே வேண்டாம். வீட்டின் நடுவாக, ஆள் உயரத்தில் வைத்துப் பாருங்கள். காலணா செலவில்லை!

அப்படியும் போதவில்லையா? கடையில் ஆன்டெனாவை எண்ணிக்கொண்டு நிற்காமல் இதையெல்லாம் கேளுங்கள்:

1. 'டூயல் பேண்ட்' தானா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டும் இருப்பதே நல்லது.

2. பெட்டியில் போட்டிருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பு அல்ல, வேகத்தின் அளவு! நீங்கள் பணம் கட்டுவது 50-க்கு என்றால், 1200 என்று போட்ட ரூட்டரும் இணையத்தை 50-க்கு மேல் தராது. 100-க்கு மேல் கட்டுகிறவர்கள் 'கிகாபிட் போர்ட்' உள்ளதாக வாங்குங்கள்.

3. வாரண்டி எத்தனை வருஷம்? பழுதானால் யாரிடம் கொடுப்பது? பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

4. அடாப்டர் எத்தனை வோல்ட்? சிலது 9, சிலது 12. மின்வெட்டுக்கென்று சின்ன யு.பி.எஸ். வாங்கினால் அந்த வோல்ட் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், மறந்துடாதீங்க.

வாங்கி வந்ததும் முதல் வேலை, பூட்டுவது! 2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. ஆகவே வை-ஃபை பாஸ்வேர்டு, ரூட்டரின் செட்டிங்ஸ் பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றுங்கள். பிள்ளை பெயரும் போன் நம்பரும் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும். தையல், டியூஷன் என்று நாலு பேர் வந்து போகும் வீடானால் அவர்களுக்கு 'கெஸ்ட்' வை-ஃபையைத் தனியே கொடுங்கள்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு வை-ஃபையைத் திறந்து போடலாமா, சொல்லுங்கள்!