உஷார்! குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்ததும் குடிப்பழக்கமுள்ள ஒருவர் மாலை போட்டுக்கொள்வார். "இந்த ஒரு மண்டலம் தொட மாட்டேன்" என்பார். வீடே நிம்மதி அடையும். மறுநாள் கை நடுக்கத்தில் காபி டம்ளர் தளும்பும். மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டிருப்பார். என்றோ இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார். "சாமி குத்தம்", "காத்து கருப்பு" என்று வேப்பிலை தேட ஓடுவார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது வேப்பிலை அல்ல, ஆம்புலன்ஸ்!

பல வருடங்களாகத் தினமும் குடித்தவர், கண் விழித்ததும் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், ஒரே நாளில் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். எப்போதாவது குடிப்பவருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

ஏன் இப்படி? பொங்கல் விளையாட்டில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாராயம் மூளையை அமைதிப் பக்கம் இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை, 'காபா' என்னும் அமைதி ரசாயனத்தின் வேகத்தைக் குறைத்து, கிளர்ச்சியூட்டும் 'குளுட்டமேட்' பக்கம் பலத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று சாராயம் கயிற்றை விட்டுவிட்டால்? எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த மூளை மல்லாந்து விழுகிறது.

கடைசிக் குவளை முடிந்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் மிக மோசமானது: 'டெலிரியம் ட்ரெமன்ஸ்'. காய்ச்சல், படபடப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். சிகிச்சை இல்லாவிட்டால் மரணம்வரை போகும்.

2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, குடியை நிறுத்தியதால் அவதிப்படுவோருக்கு மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருந்து அதுவல்ல என்பது சரி. ஆனால் அரசையே பதறவைத்த அளவுக்கு இந்த அவஸ்தை நிஜம்.

வீட்டில் நடக்கும் தவறுகளைக் கவனியுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்" என்று தெருமுனை கிளினிக்கோடு நின்றுவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம்.

இன்னொன்று, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்னும் விளம்பரப் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'டைசல்ஃபிரம்' போன்ற மருந்து கலந்திருந்தால், விஷயம் தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் நீடிக்கும். அவருடைய சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ நிறுத்தாம இருக்கறதே மேல்" என்று யாரும் கிளாஸைத் தூக்க வேண்டாம். கல்லீரலும் குடும்பமும் அழிவது அந்த வழியில்தான். நிறுத்த வேண்டும், துணையோடு நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சில நாள் மருந்து கொடுத்து, நடுக்கமும் வலிப்பும் வராமல் பார்த்துக்கொள்வார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 அல்லது 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

மாலை போடும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். விரதம் அதற்குப் பிறகு தொடங்கட்டும்.