பள்ளிகளில் பாலியல் கல்வி: நிருவாக ஆணையும் சட்டக் கடமையும்

முன்னுரை

இந்தியப் பள்ளிகளில் பாலியல் கல்வி குறித்த விவாதம் பெரும்பாலும் பண்பாடு சார்ந்ததாகவே நிகழ்ந்து வருகிறது. அக்கல்வி தேவையா, எவ்வகுப்பில் தொடங்கலாம் என்னும் வினாக்கள் முன்னிற்க, அதனைக் கட்டாயமாக்கும் சட்டம் உண்டா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. நாடாளுமன்றம் இயற்றிய எச்சட்டமும் பாலியல் கல்வியைப் பள்ளிப் பாடமாகப் பெயர் சுட்டிக் கட்டாயமாக்கவில்லை. இவ்வின்மையின் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

சுற்றறிக்கையின் வலிமை

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. எச்.ஐ.வி. தடுப்பு அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அதன் கையேடுகளில் இடம்பெற்ற படங்களும் சொற்களும் 2007இல் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. மகாராட்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தின. அதற்கு எச்சட்டத்தையும் நீக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆணையால் வந்த பாடம் ஆணையால் நின்றது.

கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே இப்பொருளில் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. அவ்வாறு இயற்றப்பட்டிருப்பின், ஒரு மாநில அரசு நிருவாக ஆணை ஒன்றினால் அதனை ஒதுக்கியிருக்க இயலாது. மாறாக, மு.வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் அளித்த அறிக்கை, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. அதே ஆண்டில் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையின் முழுமையான வளர்ச்சியையும் அச்சத்திலிருந்து விடுதலையையும் பாடத்திட்ட நெறிகளாகக் கூறுகிறது. உடல் குறித்த அறிவைத் தனித்துக் கூறவில்லை. மேலும் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே உரியது.

குற்றவியல் சட்டத்தின் வழியே

கல்விச் சட்டம் பேசாத இடத்தில் குற்றவியல் சட்டம் பேசத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என வரையறுக்கிறது. அதன் 43ஆம் பிரிவு, சட்டத்தின் கூறுகளைப் பொதுமக்களும் குழந்தைகளும் பெற்றோரும் அறியச் செய்யும் கடமையை மத்திய, மாநில அரசுகள்மீது சுமத்துகிறது. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளுள் 3ஆவது விதி இதனினும் ஒரு படி மேலே செல்கிறது: தற்காப்பு, குற்றத் தடுப்பு, 1098 போன்ற உதவி எண்கள், பாலினச் சமத்துவம் ஆகியன குறித்து வயதுக்கேற்ற கல்விப் பொருள்களையும் பாடத்திட்டத்தையும் அரசுகள் உருவாக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் வலிமையோடு இப்பாடத்தை மிக அண்மித்து நிற்பது இவ்விதியே. எனினும் அது குழந்தையைப் பாதிக்கப்படக்கூடியவராக மட்டுமே காண்கிறது. பூப்பு, கருத்தரிப்பு, ஈர்ப்பு, இசைவு ஆகியன அதன் எல்லைக்குள் நேரடியாக வரவில்லை. எத்தனை பாடவேளை, யார் கற்பிப்பது என்பனவும் கூறப்படவில்லை. (தமிழ் நாளிதழ் வாசகர் ‘பாலியல்’ என்னும் சொல்லைக் குற்றச் செய்திகளிலேயே மிகுதியும் எதிர்கொள்கிறார். ‘பாலியல் கல்வி’ என்னும் தொடர் வகுப்பறைக்குள் நுழையுமுன்பே ஐயத்திற்குள்ளாவதில் இதற்கும் பங்கிருக்கலாம்.)

சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிற்கு எதிரான மேல்முறையீட்டில், 23.09.2024 அன்று உச்சநீதிமன்றம் இச்சிக்கலைத் தொட்டது. குழந்தைகளின் பாலியல் காட்சிப் பதிவுகளை வைத்திருத்தல் குறித்த அவ்வழக்கில், டி.ஒய்.சந்திரசூட், ஜே.பி.பர்திவாலா ஆகியோர் அடங்கிய அமர்வு, முழுமையான பாலியல் கல்வித் திட்டங்களின் தேவையை 43ஆம் பிரிவோடு பொருத்திக் காட்டியது. ஆயினும் அது அரசின் பரிசீலனைக்கான ஆலோசனையாகவே அமைந்தது. பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையாக அமையவில்லை.

அர்ஜென்டினாவின் 26.150ஆம் எண் சட்டம்

கூட்டாட்சி அமைப்பில் இத்தகைய சட்டம் இயலாது என்பாருக்கு அர்ஜென்டினா விடையாகும். மாகாணங்களே பள்ளிகளை நடத்தும் அந்நாட்டில், 2006இல் இயற்றப்பட்ட 26.150ஆம் எண் சட்டம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி முழுமையான பாலியல் கல்வியை மாணவரின் உரிமையாக அறிவித்தது. மழலையர் நிலை முதல் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வரை அது பொருந்தும். ஆசிரியரை ஆயத்தப்படுத்தாமல் மாணவருக்குப் பாடம் விதிப்பதில் பொருளில்லை என்பதால் இக்கூறு குறிப்பிடத்தக்கது. அதன் 5ஆம் பிரிவு, ஒவ்வொரு கல்விச் சமூகமும் தன் சமூகப் பண்பாட்டுச் சூழலுக்கேற்பக் கற்பித்தலைத் தகவமைத்துக்கொள்ள இடமளிக்கிறது. இங்கிலாந்து வேறு வழியை மேற்கொண்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக 2020 செப்டம்பர் முதல் இடைநிலைப் பள்ளிகளில் உறவு, பாலியல் கல்வி கட்டாயமாயிற்று. பாலியல் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கக் கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு. 16 வயது நிறைவதற்கு மூன்று பருவங்களுக்கு முன்பிருந்து முடிவு மாணவருடையதாகிறது.

ஆசிரியரின் நிலை

இவற்றைப் பின்பற்றி இந்தியாவில் சட்டம் ஒன்று வரையப்படின், அது போக்சோவுடன் மோதும் இடம் ஒன்றுண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் இசைவைப் போக்சோ ஏற்பதில்லை. குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாடவேளைக்குப்பின் தன் உடலுறவு குறித்து ஐயம் கேட்கும் 17 வயது மாணவிக்கு விளக்கமளிக்கும் ஆசிரியர், அந்நொடியே அவளுடைய நண்பன்மீது புகாரளிக்கும் கடமைக்கும் உள்ளாகிறார். இதனை அறிந்த ஆசிரியர் கேள்வியையே தவிர்ப்பார். அறிந்த மாணவி கேட்கவே மாட்டாள். தெரிவிக்கும் கடமையில், வயதில் நெருங்கிய வளரிளம் பருவத்தினரின் இசைவான உறவுக்கு வரையறுத்த விலக்கு ஒன்றையும் அச்சட்டம் உடன் கொண்டு வர வேண்டியிருக்கும்.