'ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?' - டாக்டர் கேட்டால் நோயாளி என்ன சொல்லலாம்?

காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். டாக்டர் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார். சுற்றிலும் நான்கைந்து மருத்துவ மாணவர்கள். 'பசங்க படிக்கிறதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?' என்று கேள்வி வருகிறது. சில நேரங்களில் அந்தக் கேள்விகூட வருவதில்லை. நேராக செல்போன்தான் வருகிறது.

கள்ளக்குறிச்சி மக்களுக்கு இது புது அனுபவம். 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ் இடங்கள். அதில் ஒன்றுதான் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. ஊருக்குக் கல்லூரி வந்தால் சிறப்பு மருத்துவர்கள் வருவார்கள், வசதிகள் கூடும். கூடவே, அங்கே படுத்திருக்கும் ஒவ்வொரு நோயாளியும் மாணவர்களுக்கு ஒரு பாடமாகவும் ஆகிறார்.

படம் எதற்கு?

மருத்துவம் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டிய படிப்பு. பாம்பு கடித்த கால் முதல் நாள் எப்படி இருந்தது, மூன்றாம் நாள் வீக்கம் எதுவரை ஏறியது, தீக்காயத்தின் ஆழம் என்ன, தொழுநோயின் தேமல் எப்படித் தொடங்கும் என்பதையெல்லாம் பத்துப் பக்கம் எழுதினாலும் புரியவைக்க முடியாது. ஒரு படம் புரியவைத்துவிடும். அரிதான நோயை எல்லா மாணவரும் நேரில் பார்க்க வாய்ப்பில்லை. படத்தில் பார்த்தவர் நாளை அதை அடையாளம் காண்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுக்கப் படிக்கப்படும் மருத்துவப் புத்தகங்களில் வெள்ளைத் தோல் படங்களே அதிகம். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் தடிப்பு, கறுத்த தோலில் ஊதாவாகவோ, அடர் பழுப்பாகவோ தெரியலாம். இந்தக் குறையைப் பார்த்துத்தான் லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்பு நிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் கையேட்டைத் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020-ல் கொண்டுவந்தார். நம் ஊர் உடம்பின் படம் நம் ஊர் மாணவர்களுக்கு ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள்?

இதுபற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: முறையாகக் கேட்டால் பெரும்பாலான நோயாளிகள் மறுப்பதில்லை. தன் சிகிச்சைக்கு என்றால் எளிதில் சம்மதிக்கிறார்கள். பாடம் நடத்த என்றாலும் சம்மதிக்கிறார்கள். இணையத்தில் வெளியாகும் என்றால் தயங்குகிறார்கள். மருத்துவமனையின் கேமரா என்றால் பரவாயில்லை, டாக்டரின் சொந்த செல்போன் என்றால் யோசிக்கிறார்கள். முகமோ, அந்தரங்க உறுப்போ படத்தில் வரும் என்றால் தயக்கம் இன்னும் கூடுகிறது.

நம் வீடுகளில் இதற்கு மேலும் சில கணக்குகள் உண்டு. உடம்பு சரியில்லாத குழந்தையைப் படம் எடுத்தால் கண் பட்டுவிடும் என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் தோல் நோய் வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். பெண் நோயாளியிடம் கேட்க வேண்டிய சம்மதத்தை அவர் கணவரிடமோ, மாமியாரிடமோ கேட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. இவற்றை 'விவரம் தெரியாதவர்கள்' என்று ஒதுக்கிவிட முடியாது. 'இந்தப் படம் எங்கே போகும்?' என்ற ஒரே கவலைதான் இத்தனை வடிவங்களில் வருகிறது.

மலையிலிருந்து இறங்கி வருபவர்கள்

கல்வராயன் மலையிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் கனமானது. மலையாளி பழங்குடியினர் வாழும் மலை இது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் பல ஆண்டுகள் ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வெள்ளிமலையைத் தாண்டிய கிராமங்களிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கீழே வருபவருக்கு, வெள்ளை கோட்டு போட்டவர் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வரும்? 'மறுத்தால் வைத்தியம் சரியாகப் பார்க்க மாட்டார்களோ' என்ற பயத்தில் அசைக்கும் தலை சம்மதம் ஆகாது.

சின்ன ஊரில் முகத்தை மறைப்பதும் போதாது. கையில் குத்திய பச்சை, ஒரு தழும்பு, கட்டியிருக்கும் புடவை போதும். 'இது நம்ம பக்கத்து வீட்டு அக்கா' என்று தெரிந்துவிடும். கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது என்று சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழுவின் வழிகாட்டுதலே சொல்கிறது.

மலையில் செல்போன் படம் உயிர் காப்பதும் உண்டு. காயத்தைப் படமெடுத்து அனுப்பினால், கீழே இருக்கும் சிறப்பு மருத்துவர் உடனே யோசனை சொல்லலாம். 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ வழிகாட்டுதல் இதற்கும் விதி வைத்திருக்கிறது. நோயாளியே டாக்டரை அழைத்தால் அதுவே சம்மதம். ஆனால் ஆலோசனையைத் தொடங்குபவர் நர்ஸோ, சுகாதாரப் பணியாளரோ என்றால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் தேவை.

கேமரா வார்டுக்குள் வந்தபோது

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாள்களில் மருத்துவமனைக் காட்சிகள் டி.வி-யிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டே இருந்தன. மெத்தனால் பார்வையையும் பறிக்கும் விஷம். கண் தெரியாமல் படுத்திருப்பவருக்குத் தன்னை யார் படமெடுக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. அவை பாடத்துக்காக எடுத்த படங்கள் அல்ல, செய்திக்காக எடுத்தவை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படிப் பார்த்த குடும்பங்கள் அடுத்த முறை ஒரு டாக்டர் கேமராவை எடுக்கும்போது முகம் திருப்பினால், அதில் நியாயம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள்தான் இன்றும் மருத்துவர்களுக்கு அடிப்படை. அடையாளம் தெரியும்படியான நோயாளியின் படத்தை அனுமதி இல்லாமல் எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்கிறது அது. அடையாளம் தெரியாது என்றால் அனுமதி தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஓட்டை அங்கேதான். 'அடையாளம் தெரியாது' என்று முடிவு செய்வது யார்? டாக்டரா, நோயாளியா?

மருத்துவர்களுக்கான சமூக ஊடகக் கட்டுப்பாடுகளோடு தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிகள், அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. அதேநேரம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதைக் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகள், ஹெச்.ஐ.வி பாதித்தவர்கள் ஆகியோரின் அடையாளத்தைக் காக்கத் தனிச் சட்டங்களே இருக்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டியவை

* படம் எதற்கு? என் சிகிச்சைக்கா, வகுப்புக்கா, இதழிலோ இணையத்திலோ வெளியிடவா? மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள் என்று சொல்லலாம்.
* எந்த கேமரா? சொந்த செல்போன் என்றால், படம் எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும்?
* முகம், பச்சை, தழும்பு, பெயர்ச்சீட்டு படத்தில் வருமா? எடுத்த படத்தை எனக்குக் காட்டுவீர்களா?
* கையெழுத்தோ, கைநாட்டோ வைக்கும் முன் தாளில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.
* பெண்களுக்குப் படம் எடுக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம்.
* 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் பிள்ளையையும் கேளுங்கள்.

'வேண்டாம்' என்று சொன்னாலும் சிகிச்சை அதேபோல் தொடர வேண்டும். அதை டாக்டரே முதலில் சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்தால், கேட்பவரின் பாதி பயம் அங்கேயே போய்விடும். மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தரவும் வழி இருக்கிறது: 2019 முதல் எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் தனிப் பாடமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சிறுவங்கூரில் படித்து வெளியே வரும் இளம் டாக்டர்களில் சிலர் நாளை இதே மாவட்டத்தில், இதே மலையில் வேலை பார்க்கப்போகிறவர்கள். நோயாளி மனமுவந்து கொடுத்த படத்தில் பாடம் படித்தவருக்கு, அந்த நோயாளியின் ஊரில் நம்பிக்கையும் சேர்ந்தே கிடைக்கும்.