நூறு எங்கே இருக்கிறது?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பெற்றது. அவ்வகை யந்திரத்திற்கு அசெம்பிளி மொழியில் ஆணைத்தொடர் எழுதியோருக்கு நூறு, ஆயிரம் போன்ற சாதாரண எண்களே பெருந்தொல்லையாயின.

ஒரு தொகையை நூற்றால் பெருக்க வேண்டுமாயின், பெருக்கல் ஆணைக்குள் நூற்றை வைக்க இடமில்லை. அது பொதுவாக ஞாபகப்பகுதியில் தனியே இருக்கும். ஆணையில் அதன் முகவரியே இடம்பெறும். அம்முகவரியோ ஓர் அடிப்படை இடத்திலிருந்து 4,095 பைட்டுகளுக்கு அப்பால் எட்டாது. சமக்குறியிட்டு எண்ணை எழுதினால் அசெம்பிளரே அதற்கு இடம் ஒதுக்கிவிடும். இதனை ‘லிட்டரல்’ என்பர். தனிக் கட்டளை தராவிடில், லிட்டரல்கள் யாவும் தொடரின் இறுதியிலேயே குவியும். தொடர் நீண்டால் எண் எட்டாத் தொலைவுக்குப் போய்விடும். கட்டளையை மறந்தவருக்குப் பிழைப் பட்டியலே பரிசு.

பட்டியல் வந்தாலும் நன்றே. பலமுறை எழுதிய ஒரே எண் ஒரு குவியலில் ஒருமுறையே பதிவாகும். அம்முகவரியைப் பெற்ற துணைத்தொடர் ஒன்று அங்கே தவறுதலாகப் பன்னிரண்டை எழுதிவிட்டதெனக் கொள்வோம். அதன்பின் நூறு என்றெழுதிய இடமெல்லாம் பன்னிரண்டே கிடைக்கும். சதவீதக் கணக்குகள் யாவும் பிழையாகும். யந்திரமோ வாய் திறவாது.

எண்ணைத் தன்னுள்ளேயே ஏற்கும் கூட்டல், பெருக்கல் ஆணைகள் 1990-களில் வந்தன. அவற்றிலும் 32,767 வரையான எண்களே அடங்கின.