எண்ணெய்க் கிணற்றில் விளையும் கல்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்ணிறப் படையொன்று கட்டுவதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். சுண்ணக்கற் பாறையிற் கரைந்து வந்த கல்சியம் சூட்டினாற் காபனேற்றாகி மீண்டுங் கல்லாகின்றது. எண்ணெய்க் கிணறுகளை அடைக்கும் கனிப்பொருட் படிவும் இவ்வினத்ததே, கேடுதான் பெரிது.

வடகடலின் மில்லர் வயலிலே, நாளொன்றுக்கு 30,000 பீப்பாய் எண்ணெய் தந்த கிணறொன்று, 24 மணி நேரத்துள் முற்றாக நின்றுபோயிற்று. எண்ணெயை உந்துதற்பொருட்டுப் பாறையினுட் செலுத்துங் கடல்நீரில் இலீற்றருக்கு ஏறக்குறைய 2,700 மில்லிகிராம் சல்பேற்று உண்டு. அப்பாறையின் பழைய நீரிலோ பேரியம் மிகுதி. இரண்டும் கலந்தவிடத்துப் பேரியஞ் சல்பேற்று வீழ்படிவாகின்றது. 25 பாகைச் சதமவளவில் ஓர் இலீற்றர் தூய நீரில் இது இரண்டரை மில்லிகிராமளவே கரையும். காபனேற்றைக் கரைக்கும் ஐதரோகுளோரிக்கமிலம் இதனைச் சற்றும் அசைக்கமாட்டாது. ஆகவே, கல் கட்டுமுன்னரே நீரில் மிதந்துவரும் நுண்டுணிக்கைகளை அளந்தறிதல் வேண்டும்.

பழைய வழி வடித்தலாகும். 0.45 மைக்கிரோன் துளைகளையுடைய மென்றகட்டினூடாக நீரைச் செலுத்தி, எண்ணெயைக் கழுவி நீக்கி, எஞ்சியதை நிறுப்பர். நிறை தெரியும், பருமன் தெரியாது. பருமனை அறிதற்கு, அமெரிக்கரான வாலஸ் கூல்ற்றர் 1953 இல் ஆக்கவுரிமை பெற்ற முறை உதவும். மின்னோட்டம் பாயும் நுண்டுவாரமொன்றினூடாகத் துணிக்கை செல்லுங்கால், அதன் கனவளவுக்கேற்ப மின்றடை கணப்பொழுது உயரும். குருதிக் கலங்களை எண்ணப் பெரிதும் பயன்பட்ட இக்கருவி, மணலையும் எண்ணெய்த்துளியையும் பளிங்கையும் வேறுபிரித்தறியாது. லேசர் ஒளிச்சிதறல் முறைக்கும் இக்குறை உண்டு.

இவற்றினும் பெரிய இடர் மாதிரி எடுப்பதிலேயே உளது. குழாயின் அமுக்கத்திலிருந்த நீரைப் போத்தலில் ஏந்தியதும், காபனீரொட்சைட்டு வெளியேறக் கல்சியங் காபனேற்றுப் புதிதாகப் பிறக்கும். அந்நீரை மறுநாள் ஆய்கூடத்தில் எண்ணுவோன் போத்தலில் விளைந்ததை எண்ணுகின்றானேயன்றிக் கிணற்றில் விளைந்ததையன்று. எத்துணை விலையுயர்ந்த கருவியும் இத்தவற்றைத் திருத்தாது என்பதே எம் கருத்து. குழாயின் அமுக்கத்திலேயே, எடுத்த இடத்திலேயே வடித்தல் நன்று.

பிரிந்த நீரை மீண்டும் பாறையினுட் செலுத்துவோர்க்கும் இவ்வளவீடு இன்றியமையாதது. பாறைத்துளையின் கழுத்தகலத்தில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட துணிக்கைகள் வாயிலிலே பாலமிட்டு நிற்கும். ஏழிலொன்றுக்குக் குறைந்தவை பெரும்பாலுங் கடந்து செல்லும். இடைப்பட்டவையே உட்புகுந்து அடைப்பன என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு.

இக்காலத்தில் குழாயிலேயே கண்ணாடிச் சாளரம் அமைத்து, நுணுக்குக்காட்டியோடிணைந்த ஒளிப்படக்கருவியால் ஓடுநீரைப் படம்பிடிக்கின்றனர். எண்ணெய்த்துளி உருண்டையாயும் பளிங்கு கோணமுற்றும் தோன்றுதலின் இரண்டையும் பிரித்தெண்ணலாம். ஆயினும் சாளரத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால் அக்கண்ணுங் குருடே. சுவரிலேயே முளைத்து வளரும் பளிங்கும் அதற்குத் தோன்றாது.