பழைய ராணுவ ஜீப் வாங்கப் போறீங்களா? முதலில் பிரேக்கைப் பிரிங்க!

பச்சை பெயின்ட், மடக்குற கண்ணாடி, பின்னாடி ஸ்டெப்னி... இரண்டாம் உலகப் போர் கால வில்லீஸ் ஜீப் ரீல்ஸில் வந்தால் லைக் போடாமல் நகர முடியாது. 1941 முதல் 1945 வரை வில்லீஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்த வண்டி இது. 1947-இல் மஹிந்திரா இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கியதும் வில்லீஸ் ஜீப்தான்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க. நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படி என்ன ஆபத்து?

இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டு தனிப் பாதைகளாக இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். வில்லீஸில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதை, ஒரே மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு குழாய் விட்டால், பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும்.

ஹேண்ட் பிரேக் இருக்கே?

இருக்கு. ஆனா அது சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கும். அதனால், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் உருளலாம். வேலை தொடங்கும் முன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் போடுங்க.

டிரம்மைக் கழற்றியதும்...

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அது நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி அகற்றணும்.

எதையெல்லாம் பார்க்கணும்?

* வீல் சிலிண்டர்: ரப்பர் மூடியைத் தூக்கினால் ஈரம் தெரிகிறதா? லீக் இருக்கு. உள்சுவரில் துரு குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்க.
* ரப்பர் ஹோஸ்: வெளியே நல்லா தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்டாலும் அந்தச் சக்கரம் விடாமல் பிடித்து சூடாகும். புதுசு போடுவதே நல்லது.
* இரும்புக் குழாய்: துரு இருந்தால் மாற்றணும். வளைக்க ஈஸி என்று சாதாரண செம்புக் குழாய் போடாதீங்க. அதிர்வில் விரிசல் விடும்.
* லைனிங்: ஆயில் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்க.

பிரேக் ஆயில் ஏன் முக்கியம்?

டாட் 3 ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரி. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் வேலை செய்யாது. நிறுத்தியே வைக்கும் வண்டிகளுக்குச் சிலர் சிலிக்கான் வகையான டாட் 5 போடுவார்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

கடைசி டெஸ்ட்

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்கணும். பிறகு பெடலை அழுத்தியபடி ஒரு நிமிடம் வையுங்க. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கு. மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ லீக், அல்லது மாஸ்டர் சிலிண்டர் அவுட். அது சரியாகும் வரை, தெருமுனை டீக்கடைக்குக்கூட வண்டியை எடுக்காதீங்க.