தோட்டத்துக் கூரையும் நெஞ்சுறைப் புற்றுநோயும்

மாதக் கணக்கில் அளக்கும் ஆயுள்

நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறையில் தோன்றும் புற்றுநோய் மீசோதெலியோமா. முதன்மைக் காரணம் அஸ்பெஸ்டஸ் நார்த்தூசு. தூசு உள்ளே போனபின் நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்; தலைகாட்டியபின் காலம் மிகக் குறைவு. 2003இல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், பெமெட்ரெக்செட்டும் சேர்த்தபோது 12.1 மாதம். 2021இல் வெளியான ஆய்வில், கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.1 மாதம்; நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துகள் பெற்றவர்களுக்கு 18.1 மாதம். மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 15, 23 பேர். பெரிய அறுவைச் சிகிச்சையும் கைகொடுக்கவில்லை: 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களே குறைவாக வாழ்ந்தார்கள். மருந்தால் கூடும் மாதங்கள் ஒரு குடும்பத்துக்குப் பெரியவைதான். ஆனால் அதிக விலை கொடுத்தும் மாதங்களே கிடைக்கும் நோயில், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் வாழும் ஊவாத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு உறுதியான காப்பு தூசைத் தடுப்பதுதான்.

வெள்ளை வகை என்றால் பயமில்லையா?

நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இல் தடைசெய்தது. இப்போதைய கூரைச் சீட்டில் இருப்பது வெள்ளை வகை. சீமெந்தில் இறுகிக் கிடப்பதால் கெடுதியில்லை என்கிறார்கள். உடையாத கூரையின் கீழ் குடியிருப்பதில் ஆபத்து குறைவு என்பது சரியே. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் கூரை அப்படியே இருப்பதில்லை. ஹப்புத்தளைக் காற்றில் வெடிக்கிறது, மரம் விழுந்து நொறுங்குகிறது. அதை வாளால் அறுத்து, துளைபோட்டு, மிச்சத் துண்டைக் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். நார் கிளம்புவது அப்போதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோ வெள்ளை உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றே சொல்கிறது.

அஸ்பெஸ்டஸுக்கு முழுத் தடை வந்தால் தேயிலை அடிபடும் என்பது அடுத்த வாதம். 2017 டிசம்பரில், பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்குப் பெருமளவு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. 2018 ஜனவரியில் தொடங்கவிருந்த அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக் கட்டுப்பாட்டை அரசு உடனே கைவிட்டது. கொழுந்து பறிப்பவரின் பிழைப்பைக் காட்டி அவர் மூச்சை விலைபேசிய ஏற்பாடு அது. எல்லா லயங்களின் கூரையையும் ஒரே ஆண்டில் மாற்றப் பணமில்லை என்பது உண்மை. புதிதாகக் கட்டும் தோட்ட வீடுகளிலிருந்தாவது தொடங்கலாம்.

நெஞ்சில் நீர் கட்டினால்

இங்கே மீசோதெலியோமாவைக் காணோமே என்பவர்கள், அதைப்போலவே காசநோயிலும் நெஞ்சில் நீர் கட்டும், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாம் என்பதை மறக்கிறார்கள். காசநோய் மருந்துக்கும் நீர் குறையாவிட்டால், திரும்பத் திரும்ப ஊறினால், நுரையீரல் உறையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீரை வடித்தால் மூச்சுத்திணறல் தணியும், வலிக்கும் மருந்துண்டு. கூரை வேலை, கட்டட வேலை எப்போதோ செய்திருந்தால், முப்பது வருடத்துக்கு முந்தியதானாலும், பதுளை வைத்தியசாலையிலோ மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ அதைத் தவறாமல் சொல்லுங்கள். நோய் வராமலிருக்க, உடைந்த கூரைச் சீட்டை நனைத்து, அறுக்காமல் முழுதாக இறக்குங்கள். தூளை உலர்ந்தபடி கூட்டாதீர்கள்.